சனிக்கிழமைகளில் மீன் பார்த்த பெண்

நியூயார்க்கில் லிபர்ட்டி சிலையைப் பார்க்கப் போயிருக்கிறீர்களா? ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிற இடம் என்பதால் இந்தப் பக்கம் இருக்கிறவர்களில் போகாதவர்கள் குறைவு. மன்ஹாட்டனின் தெற்கு முனையில், பேட்டரி பார்க்கில், படகு டிக்கெட்டுக்காக வட்டமான ஒரு பழைய கல் கோட்டைக்குள் போய் வரிசையில் நிற்போம். அதற்குப் பெயர் காசில் கிளின்டன். நியூஜெர்சியில் குடியிருக்கும் நான் அங்கே நின்ற தடவைகளுக்குக் கணக்கில்லை. அது டிக்கெட் கொடுக்கிற இடம் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

அந்தக் கோட்டைக்குள்தான் 1896 முதல் 1941 வரை நியூயார்க் அக்வேரியம் இருந்தது. உள்ளே போகக் காசு கிடையாது. 1930-களின் தொடக்கத்தில், நாடே வேலையில்லாமல் தவித்த காலத்தில், சனிக்கிழமை காலைகளில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியை அவளுடைய அம்மா அங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போவார். பக்கத்தில் ஒரு பெரிய கிளப் கட்டிடம். அதன் முன்கூடத்தில் பத்திரிகையும் சுருட்டும் விற்கும் கடையில் அம்மாவுக்கு வேலை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஏற்பாடு இல்லை. மீன் தொட்டிதான் பேபிசிட்டர்.

அந்தப் பெண் யூஜெனி கிளார்க். வீட்டிலும் வெளியிலும் எல்லோரும் கூப்பிட்டது ஜீனி என்று. (எங்கள் பாட்டி வீட்டுப் பக்கம் ஜீனி என்றால் சர்க்கரை. என் மகளுக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த அம்மாவை ரொம்பப் பிடித்துப் போய்விட்டது.) பிற்காலத்தில் உலகம் அவருக்கு வைத்த பெயர் ‘ஷார்க் லேடி’. சுறாவைப் பற்றி இன்று நம் பிள்ளைகள் டிவியிலும் புத்தகத்திலும் தெரிந்துகொள்கிற பல விஷயங்களை முதலில் கண்டு சொன்னவர்களில் ஒருவர். 2022-ல், அவர் பிறந்து சரியாக நூறு வருடம் ஆன மே 4 அன்று, அமெரிக்க அஞ்சல் துறை அவர் படம் போட்டு ஸ்டாம்ப் வெளியிட்டது.

பிள்ளைகளுக்கென்று அவரைப் பற்றி அழகான படப்புத்தகங்கள் வந்திருக்கின்றன. ‘ஷார்க் லேடி’ என்ற பெயரிலேயே 2017-ல் ஒன்று வந்தது. லைப்ரரியில் கிடைத்தால் எடுத்துப் படித்துக் காட்டுங்கள். ஆனால் பெரியவர்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. ஜீனி ஜப்பானிய வம்சாவளி அம்மாவின் மகள். அப்பா அமெரிக்கர், ஜீனிக்கு ரெண்டு வயது ஆகும் முன்பே இறந்துவிட்டார். அம்மா யூமிகோவும் ஜப்பானியப் பாட்டியும்தான் வளர்த்தார்கள். குயின்ஸில் அவர் படித்த பள்ளியில் ஜப்பானிய ரத்தம் உள்ள பிள்ளை அவர் ஒருத்திதான். வீட்டுச் சாப்பாடு மீன், கடல்பாசி, சோறு. வெள்ளைக்காரப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் தன் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதற்குத் தயங்குவது எப்படி இருக்கும் என்று நம்மில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நம்முடைய சனிக்கிழமைகள் தமிழ் ஸ்கூலிலும் பாட்டு கிளாஸிலும் போயின. ஜீனியின் சனிக்கிழமைகள் கண்ணாடிக்கு முன்னால் போயின. அவர் பிறகு எழுதியதையும் சொன்னதையும் படித்தால் ஒன்று புரிகிறது: யாரும் அவரை அங்கே எதையும் கற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. பரீட்சை இல்லை, சர்டிஃபிகேட் இல்லை. முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, தானே கடலடியில் நடப்பதாக நினைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தார். பெரிய தொட்டியில் சுறா இருந்தது. இதோடு சேர்ந்து நீந்தினால் எப்படி இருக்கும் என்று அப்போதே யோசித்தாராம்.

அம்மா யூமிகோ இந்த இடத்தில் செய்தது சின்னக் காரியம், ஆனால் எல்லா அம்மாக்களும் செய்துவிட மாட்டார்கள். மகள் கேட்டாள் என்று, கையில் காசு இல்லாத அந்தக் காலத்தில், வீட்டுக்கு ஒரு மீன் தொட்டி வாங்கிக் கொடுத்தார். அப்புறம் அந்தச் சின்ன வீட்டில் மீன் மட்டும் இல்லை. தேரை, பாம்பு என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. குயின்ஸில் மீன் வளர்ப்பவர்களின் சங்கம் ஒன்று இருந்தது. ஜீனி அதில் போய்ச் சேர்ந்தார், இருப்பவர்களிலேயே சின்னவராக. எந்த மீனை எப்போது வாங்கினோம், எப்போது குஞ்சு பொரித்தது, எப்போது செத்தது என்று தேதி போட்டு, அறிவியல் பெயரோடு எழுதி வைக்கும் பழக்கம் அங்கேதான் வந்தது.

அந்தக் காலத்தில் வில்லியம் பீப் என்றொரு இயற்கை ஆய்வாளர் பெரிய பிரபலம். இரும்புக் கோளம் ஒன்றுக்குள் உட்கார்ந்துகொண்டு பெர்முடாவுக்குப் பக்கத்தில் ஆழ்கடலுக்குள் இறங்கியவர். 1934-ல் 900 மீட்டருக்கும் கீழே போனார். ஜீனி வீட்டில் அறிவித்தார்: நான் பீப் மாதிரி ஆகப் போகிறேன். வீட்டில் வந்த பதில் என்ன தெரியுமா? நல்லது, டைப்பிங் கற்றுக்கொள், அவருக்கோ அவர் மாதிரி ஒருவருக்கோ செக்ரட்டரியாகப் போகலாம். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது என்ற பயம். ‘மீன் எல்லாம் சரி, முதல்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒரு டிகிரி வாங்கிடு’ என்று எனக்குச் சொல்லப்பட்டதும் இதே பயத்தில்தான். நான் கேட்டுக்கொண்டேன். ஜீனி கேட்கவில்லை. யாருக்கும் செக்ரட்டரியாக இருக்க எனக்கு விருப்பமில்லை என்று சொல்லிவிட்டார்.

1942-ல் ஹன்டர் கல்லூரியில் விலங்கியல் பட்டம் வாங்கினார். அந்த வருடத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். முந்தைய டிசம்பரில்தான் பேர்ல் ஹார்பர். 1942 முழுக்க, மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்களை அமெரிக்க அரசாங்கம் முகாம்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய 1,20,000 பேர், அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அமெரிக்கக் குடிமக்கள். நியூயார்க்கில் இருந்ததால் ஜீனியின் குடும்பம் அந்தப் பட்டியலில் வரவில்லை. ஆனால் அம்மாவின் முகம் அதே முகம்தானே.

மேற்படிப்புக்குக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கேட்டார். துறையில் இருந்த பேராசிரியர் சொன்ன காரணம் பின்னாளில் ஜீனி பல பேட்டிகளில் திருப்பிச் சொன்னது: நீ படித்து முடித்தாலும் கல்யாணம் செய்துகொண்டு பிள்ளை பெற்றுப் போய்விடுவாய், உனக்குச் செலவழிக்கும் நேரமும் பணமும் வீண். ஆகவே பகலில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் கெமிஸ்ட் வேலை, இரவில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் படிப்பு. 1946-ல் மாஸ்டர்ஸ், 1950-ல் டாக்டர் பட்டம். வேலை பார்த்துக்கொண்டே மாஸ்டர்ஸ் முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ராத்திரி பஸ் பயணங்களைப் பற்றி யாராவது தனியாக ஒரு புத்தகம் எழுத வேண்டும்.

போர் முடிந்த ஒன்றிரண்டு வருடங்களில் இன்னொன்று நடந்தது. பிலிப்பைன்ஸ் கடலில் மீன்வளத்தை ஆய்வு செய்ய அமெரிக்க அரசின் மீன், வனவிலங்குத் துறை அவரை வேலைக்கு எடுத்தது. அந்தத் திட்டத்துக்குப் போகிற முதல் பெண் விஞ்ஞானி. ஹவாய் வரை போனார். அங்கேயே நிறுத்திவிட்டார்கள். எஃப்.பி.ஐ. அவருடைய ஜப்பானியப் பின்னணியை விசாரிக்க வேண்டுமாம். வாரக்கணக்கில் பதில் வரவில்லை. கடைசியில் அந்த வேலைக்கு ஓர் ஆண் போனார்.

காத்திருந்த நாட்களில் ஜீனி என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். ஹவாயில் கிடைத்த பேத்தை மீன்களை, அதாவது தொட்டால் பந்து மாதிரி ஊதிக்கொள்ளுமே, அந்த மீன்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். மனக்கசப்பு இல்லாமலா இருந்திருக்கும்? இருந்தது. ஆனால் அவர் எழுதிய புத்தகங்களில் அந்தக் கசப்புக்கு அவர் ஒதுக்கிய இடம் மிகக் குறைவு. மீனுக்கு ஒதுக்கியது மிக அதிகம்.

1949-ல் கடற்படையின் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் பசிபிக் தீவுகளுக்குப் போனார். பலாவு தீவில் சியாகோங் என்ற உள்ளூர் மீனவர்தான் அவருக்கு ஈட்டி எறிந்து மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்த குரு. அடுத்து ஃபுல்பிரைட் உதவித்தொகையில் எகிப்து, செங்கடலோரம் கர்தகா. இன்று ஹுர்கதா என்று டூரிஸ்டுகள் போகிற ஊர். அப்போது ஒரு சின்னக் கடல் ஆய்வு நிலையமும் பாலைவனமும் மட்டும்தான். அங்கே நூற்றுக்கணக்கான மீன் வகைகளைச் சேகரித்தார். இந்தப் பயணங்களை எல்லாம் வைத்து 1953-ல் ‘லேடி வித் எ ஸ்பியர்’ என்ற புத்தகம் எழுதினார். ‘ஈட்டியோடு ஒரு பெண்மணி’ என்று தமிழில் சொல்லலாம். அப்போது வயது 31. புத்தகம் அமோகமாக விற்றது, பல மொழிகளுக்குப் போனது.

அவருக்குப் புகழ் முதலில் வந்தது, நிரந்தர வேலை பிறகுதான் வந்தது. வழக்கமாக விஞ்ஞானிகளுக்கு இது தலைகீழாகத்தான் நடக்கும். புளோரிடாவில் நிலம் வைத்திருந்த வான்டர்பில்ட் என்ற பணக்காரக் குடும்பம் அந்தப் புத்தகத்தைப் படித்தது. அந்த வீட்டிலும் மீன் பைத்தியம் பிடித்த ஒரு பையன் இருந்தான். ஜீனியை வரவழைத்துப் பேசி, இங்கேயே ஓர் ஆய்வகம் தொடங்குங்களேன் என்றார்கள். 1955 ஜனவரியில் பிளாசிடா என்ற சிற்றூரில், ஒரு மரக்கொட்டகையில், கேப் ஹேஸ் கடல் ஆய்வகம் தொடங்கியது. ஆட்கள் என்று பார்த்தால் ஜீனியும், பெரில் சாட்விக் என்ற உள்ளூர் மீனவரும். தொடங்கிய கையோடு ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளரிடமிருந்து கேள்வி வந்தது: சுறாவின் ஈரல் வேண்டும், கிடைக்குமா? சாட்விக்குக்குச் சுறா பிடிக்கத் தெரியும். அப்படித்தான் ஜீனி சுறாவுக்குள் வந்தார். பெரிய கனவுத் திட்டம் என்று எதுவும் இல்லை, ஒரு ஃபோன் கால்தான்.

அப்போது சுறாவைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்தது ரொம்பக் கொஞ்சம். 1945-ல் இன்டியானபோலிஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் மூழ்கியபோது நடுக்கடலில் நாட்கணக்கில் மிதந்த மாலுமிகளைச் சுறாக்கள் தாக்கிய கதை எல்லோர் மனதிலும் இருந்தது. சுறா என்றால் பசியும் பல்லும், மூளை கிடையாது என்பதுதான் பொது அபிப்பிராயம். நம் வீடுகளில் சுறா என்றால் புட்டு, பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று கொடுப்பது. பயம் அவ்வளவாக இல்லை, ஆனால் அதற்கும் புத்தி உண்டு என்று நாமும் நினைத்ததில்லை.

1958-ல் ஜீனி ஒரு பரிசோதனை செய்தார். ஆய்வகத்தை ஒட்டித் தண்ணீரில் வேலி போட்டு, அதற்குள் லெமன் சுறா என்ற வகையில் ஆண் ஒன்று, பெண் ஒன்று. தண்ணீருக்குள் வெள்ளைப் பலகை ஒன்றைத் தொங்கவிட்டார். அதற்கு முன்னால் மீன் துண்டு. சுறா வந்து தின்னும்போது மூக்கு பலகையில் இடிக்கும், உடனே மணி அடிக்கும். சில வாரங்கள் இப்படி. பிறகு பலகைக்கு முன்னால் தீனி வைப்பதை நிறுத்திவிட்டார். சுறா என்ன செய்யும்? வந்து, வாயைத் திறந்தபடி பலகையின் முன்னால் தயங்கும். பிறகு மூக்கால் அழுத்தும். மணி அடிக்கும். மணி அடித்ததும் வேறு பக்கத்திலிருந்து மீன் விழும். ‘அழுத்தினால் சாப்பாடு’ என்பதை இரண்டுமே பிடித்துக்கொண்டன. குளிர்காலத்தில் தண்ணீர் சில்லிட்டுச் சுறாக்கள் தின்பதையே நிறுத்தும். வாரங்கள் கழித்துத் தண்ணீர் சூடானபோது, போய்ப் பலகையை அழுத்தின. மறக்கவில்லை.

நான் தினமும் பார்க்கிற வேலையில் இதற்கு ஃபீட்பேக் லூப் என்று பெயர் வைத்து ஸ்லைடு போட்டிருப்போம். ஜீனிக்குக் கிடைத்தது மரப்பலகையும் ஒரு காலிங் பெல்லும். 1959-ல் ‘சயின்ஸ்’ இதழில் அது வெளிவந்தது. அதே வருடம் அதே இதழில் வேறொரு கண்டுபிடிப்பும்: புளோரிடா கரையோரத்தில் வாழும் ஒரு சின்ன மீன், ஒரே உடம்பில் ஆணாகவும் பெண்ணாகவும் இருக்கிறது, நொடியில் மாறி மாறி நடந்துகொள்கிறது என்று. அதைத் தண்ணீருக்கடியில் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தார். ஒன்பது வயதில் செய்த அதே வேலை. இப்போது கண்ணாடி முகத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

இதெல்லாம் நடந்த வருடங்களில் அவருக்கு நான்கு பிள்ளைகள். கொலம்பியா பேராசிரியர் சொன்னதில் கல்யாணமும் பிள்ளைகளும் சரியாகவே நடந்தன. விஞ்ஞானம் நிற்கவில்லை, அந்தப் பாதி மட்டும் நடக்கவில்லை. எப்படிச் சமாளித்தார் என்று கேட்டால், விடை நமக்கெல்லாம் தெரிந்ததுதான்: அம்மாவும், அம்மாவை மறுமணம் செய்துகொண்ட நோபுவும் நியூயார்க்கை விட்டுப் புளோரிடாவுக்கே வந்துவிட்டார்கள். நியூயார்க்கில் ஜப்பானிய உணவகம் நடத்திய மனிதர் நோபு. தாத்தா பாட்டி ஆறு மாத விசாவில் வந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டதால்தான் தன் வேலை பிழைத்தது என்று சொல்லும் தோழிகள் எனக்கு எத்தனையோ பேர். ஆய்வகத்தின் வரலாற்றில் வான்டர்பில்ட் பெயர் இருக்கிறது, பின்னால் பணம் கொடுத்து 1967-ல் ஆய்வகத்துக்கே தன் பெயரைத் தந்த வில்லியம் மோட் இருக்கிறார். சாரசோட்டா நகரத்தில் இன்று பெரிய நிறுவனமாக இருக்கும் மோட் கடல் ஆய்வகம் அதுதான். யூமிகோவின் பெயரை அவர் மகளின் எழுத்தில்தான் தேட வேண்டும்.

பிள்ளைகளும் ஆய்வகத்திலேயே வளர்ந்தார்கள். செங்கடலில் மணலுக்குள் சட்டென்று புதைந்துகொள்ளும் மெல்லிய மீன் ஒன்றைப் புதிய இனம் என்று 1966-ல் இன்னொருவரோடு சேர்ந்து அறிவித்தபோது, ஜீனி அதற்கு டிரைக்கோநோட்டஸ் நிக்கியை என்று பெயர் வைத்தார். நிக்கி அவருடைய கடைக்குட்டி.

அதற்கு முந்தைய வருடம், 1965-ல், ஜப்பானுக்குப் போனார். பட்டத்து இளவரசர் அகிஹிட்டோ, பிற்பாடு பேரரசர் ஆனவர், அவரும் மீன் ஆராய்ச்சியாளர்தான்; கோபி என்ற சின்ன மீன்களைப் பற்றிக் கட்டுரைகள் எழுதியவர். அவருக்குப் பரிசாக ஜீனி எடுத்துப்போனது, பலகையை அழுத்தப் பழக்கப்பட்ட ஒரு குட்டிச் சுறா. விமானத்தில் கூடவே கொண்டுபோனார். ஜப்பானிய ரத்தம் என்று ஹவாயில் நிறுத்தி வைக்கப்பட்டு இருபது வருடம்கூட ஆகவில்லை.

1968 முதல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். உலகம் முழுக்க அவர் பெயர் பரவியது அதற்குப் பிறகுதான். இரண்டு கண்டுபிடிப்புகளைச் சொல்ல வேண்டும். செங்கடலில் ‘மோசஸ் சோல்’ என்று ஒரு தட்டையான மீன் உண்டு, நம்ம நாக்கு மீன் மாதிரி மணலோடு ஒட்டிக்கிடக்கும். அதைக் கையில் பிடித்தபோது பால் போல ஒரு திரவம் கசிந்தது. விரல் மரத்துப்போனது. இந்த மீனைச் சுறா இருக்கும் தொட்டியில் விட்டுப் பார்த்தார். சுறா பாய்ந்து வந்து, வாயைத் திறந்து, அப்படியே நின்றது. வாயை மூட முடியவில்லை. தலையை உதறிக்கொண்டு ஓடியது. சுறாவை விரட்டும் மருந்து கிடைத்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. அது கடைக்கு வரவே இல்லை. சுறாவின் வாய்க்குள்ளேயே பீய்ச்சினால்தான் வேலை செய்யும் என்றால் யார் வாங்குவார்கள்?

இன்னொன்று, மெக்சிகோவில் இஸ்லா முஹேரஸ் தீவுக்குப் பக்கத்தில். நீந்திக்கொண்டே இருந்தால்தான் சுறாவுக்கு மூச்சு, நின்றால் செத்துப்போகும் என்று பாடப்புத்தகங்கள் சொன்ன காலம். அந்தத் தீவின் மீனவர் ஒருவர் கடலடிக் குகைகளில் சுறாக்கள் அசையாமல் கிடப்பதைப் பார்த்திருந்தார். 1970-களின் தொடக்கத்தில் ஜீனி மாணவர்களோடு அங்கே இறங்கினார். படுத்துக் கிடந்தவை ஆளைத் தின்னும் என்று பெயர் வாங்கிய வகைச் சுறாக்கள். கிட்டே போய் உட்கார்ந்தார். செவுளை அசைத்துத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு சுறா சும்மா படுத்திருந்தது. ஆனால் அதன் கண்கள் அவரைப் பின்தொடர்ந்தன. அதனால் ‘தூங்கும் சுறா’ என்று உலகமே எழுதியபோதும், தூக்கம் என்ற வார்த்தையை அவர் எச்சரிக்கையோடுதான் பயன்படுத்தினார். குகைக்குள் நன்னீர் ஊறி உப்பு குறைவாக இருந்தது, ஆக்சிஜன் அதிகமாக இருந்தது. உடம்பில் ஒட்டிய ஒட்டுண்ணிகள் அங்கே எளிதாகக் கழன்றுவிடுமோ, சுறாக்கள் அதற்காகத்தான் வருகின்றனவோ என்பது அவருடைய யூகம்.

இது ‘நேஷனல் ஜியாகரஃபிக்’ இதழில் 1975 ஏப்ரலில் வந்தது. அதே ஜூனில் ‘ஜாஸ்’ படம் ரிலீஸ்.

அடுத்த சில வருடங்கள் கடற்கரைக்குப் போக ஜனங்கள் பயந்தார்கள். சுறா வேட்டைப் போட்டிகள் சூடு பிடித்தன; வீரம் காட்டக் கொன்று குவித்தார்கள். அந்தக் கதையை எழுதிய பீட்டர் பெஞ்ச்லியே பிறகு மனம் வருந்தி, சுறாக்களைக் காப்பாற்றுவதற்காகப் பேசினார். இந்த இடத்தில்தான் ஜீனியின் புகழ் எதற்குப் பயன்பட்டது என்று பார்க்க வேண்டும். சுறாவால் கிடைத்த பெயர் அவருடையது. பயத்தை இன்னும் கொஞ்சம் ஊதிவிட்டிருந்தால் பெயர் இன்னும் பெரிதாகியிருக்கும், டிவிக்காரர்களுக்கும் அதுதான் வேண்டும். அவர் எதிர்ப்பக்கம் போனார். கூட்டம் கூட்டமாக வந்தவர்களிடம், டிவியில், பள்ளிக்கூடங்களில் ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்: கடலுக்கு நீங்கள் ஓட்டி வருகிற கார்தான் சுறாவைவிட ஆபத்து. 1981-ல் அதே இதழில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே, சுறாக்கள் அற்புதமானவை, நாம் அவற்றைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்கிற பொருளில் இருந்தது.

கார் என்றதும் அவரே சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக, காய்ந்த புலிச்சுறாத் தாடை ஒன்றைக் காரின் முன் சீட்டில் வைத்து ஓட்டிப் போயிருக்கிறார். சிவப்பு விளக்கு. பிரேக் போட்டதும் தாடை முன்னால் சாய, விழாமல் பிடிக்கக் கை நீட்டியிருக்கிறார். பற்கள் கையில் இறங்கிவிட்டன. வாழ்நாள் முழுக்கச் சுறாக்களோடு நீந்தியவரைச் சுறா கடித்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் செத்த சுறா.

குறை இல்லாத ஆள் என்று சொல்ல வரவில்லை. ஆய்வகத்தில் அந்தக் காலத்தில் நிறையச் சுறாக்களைப் பிடித்து அறுத்துத்தான் படித்தார்கள். அறுபதை ஒட்டிய வயதில் மெக்சிகோவின் பாஜா கலிபோர்னியாப் பக்கம் பிரமாண்டமான ஒரு திமிங்கலச் சுறாவின் முதுகுத் துடுப்பைப் பிடித்துக்கொண்டு சவாரி போனார். படிக்கும்போது மயிர்க்கூச்செறியும். ஆனால் இன்று யாரும் அப்படித் தொடக் கூடாது, பல நாடுகளில் சட்டமே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். குடும்ப வாழ்க்கையும் நேர்கோடாக இல்லை, ஐந்து திருமணங்கள்.

செங்கடலை அவர் விடவே இல்லை. சினாய் முனையில் ராஸ் முகமது பகுதியைக் காப்பாற்றக் குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். 1983-ல் அது எகிப்தின் முதல் தேசியப் பூங்கா ஆனது. ஆழ்கடல் நீர்மூழ்கி வண்டிகளில் 70-க்கும் மேற்பட்ட தடவை இறங்கினார், சில சமயம் 3,000 மீட்டருக்கும் கீழே. சிறுவயதில் ஆசைப்பட்ட பீப் இறங்கியதைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். 1992-ல் பதவி ஓய்வு. அதன் பிறகும் சில வருடங்கள் வகுப்பு எடுத்தார். நுரையீரல் புற்றுநோய் வந்த பிறகும் கடலில் இறங்கினார். 92 வயதிலும் டைவ் செய்தார். 2015 பிப்ரவரி 25 அன்று சாரசோட்டாவில் காலமானார். அந்த வருடமும் அவருடைய ஆய்வுக் கட்டுரை ஒன்று வெளிவந்தது.

அவரே எழுதிய புத்தகங்களில் இரண்டைப் பெரியவர்கள் படிக்கலாம். முதலாவது மேலே சொன்ன 1953 புத்தகம். இரண்டாவது ‘தி லேடி அண்ட் தி ஷார்க்ஸ்’, 1969-ல் வந்தது, புளோரிடா ஆய்வகத்தின் கதை. முதலாவதில்தான் அக்வேரியம் நாட்களும் அம்மாவும் வருகிறார்கள். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கலாம். மொழி எளிமையாகத்தான் இருக்கிறது. அந்தக் காலத்து மனிதர்கள் மற்ற நாட்டுக்காரர்களைப் பற்றிப் பேசுகிற விதம் மட்டும் ஆங்காங்கே உறுத்தும். நிறுத்திப் பேசிவிட்டுப் படியுங்கள்.

மெக்சிகோ வளைகுடாவிலும் மேற்கு அட்லாண்டிக்கிலும் ஆழமான தண்ணீரில் வாழும் ஒரு சின்னச் சுறா இருக்கிறது. பெரிய பச்சைக் கண்கள். மிட்சுகுரி என்ற ஜப்பானிய விலங்கியலாளரின் பெயரைத் தாங்கிய, ஜப்பான் கடலில் முதலில் விவரிக்கப்பட்ட இனத்தோடு சேர்த்துத்தான் அதை நெடுங்காலம் கணக்கு வைத்திருந்தார்கள். பிறகு டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தபோது அது வேறு, தனி இனம் என்று தெரிந்தது. 2018-ல் அதற்குப் புதிய பெயர் வைத்தார்கள்: ஸ்குவாலஸ் கிளார்க்கே. பேச்சு வழக்கில், ஜீனியின் சுறா.